ஊசி போட்டும் வந்த காய்ச்சல்

ஃப்ளூ தடுப்பூசியைச் சுற்றி ஒரு விசித்திரமான புகார் உண்டு. "போடாத வருஷமெல்லாம் நன்றாகத்தான் இருந்தேன். போட்ட வருஷம்தான் காய்ச்சலில் படுத்தேன்." டெட்டனஸ் ஊசியால் டெட்டனஸ் வந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நாய்க்கடி ஊசியைக் குறை சொல்பவரும் அது வலித்தது என்பாரே தவிர, அதனால் வெறிநோய் வந்தது என்று சொல்லமாட்டார். ஃப்ளூ ஊசிக்கு மட்டும் இந்தக் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெண்டன் நைஹன், ஜேசன் ரீஃப்ளர் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கர்களில் 43 சதவீதம் பேர் ஃப்ளூ ஊசியே ஃப்ளூவைக் கொடுக்கக்கூடும் என்று நம்பினார்கள். படித்தவர்கள் நிறைந்த, ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் நாட்டிலேயே இதுதான் நிலை.

மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். மருத்துவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த விளக்கம் நிற்காது. அதே மக்கள்தான் டெட்டனஸ் ஊசியைச் சந்தேகிக்காமல் போட்டுக்கொள்கிறார்கள். புகார் சொல்பவர் பொய் சொல்லவும் இல்லை. ஊசி போட்டது உண்மை, காய்ச்சல் வந்ததும் உண்மை. தன் ஒரே உடம்பை வைத்து இந்த ஊசியை எடை போட முயல்வதில்தான் கோளாறு தொடங்குகிறது. ஃப்ளூ ஊசி செய்யும் நன்மையையும் சரி, தீமையையும் சரி, ஒரு தனி உடம்பிலிருந்து பார்க்கவே முடியாது. எப்படிப் பார்க்க முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஊசிக்குள் இருப்பது

கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. பெரும்பாலும் கோழிமுட்டையில் வளர்த்து, ரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, துண்டுகளாக்கிய வைரஸின் புறப்பகுதிகளே அதில் இருக்கின்றன. சில புதிய வகைகளில் முட்டையும் இல்லை, முழு வைரஸும் இல்லை. தேவையான புரதத்தை மட்டும் தனியே தயாரிக்கிறார்கள். துண்டுகளால் பெருக முடியாது. பெருக முடியாதது நோயாக முடியாது. மூக்கில் தெளிக்கும் வகையில் மட்டுமே வலுவிழந்த உயிருள்ள வைரஸ் உண்டு. ஊசி போட்ட உடம்பு இந்தத் துண்டுகளை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்து முடிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

புகாரில் ஒரு பகுதிக்கு இந்த இரண்டு வாரத்திலேயே விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஊசி போடுவது ஃப்ளூ பருவத்தையொட்டித்தான். வெளியே நிஜமான ஃப்ளூ சுற்றிக்கொண்டிருக்கும்போது, பாதுகாப்பு உருவாகாத அந்த நாட்களில் அது தொற்றிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. இன்னொரு பகுதி, நாம் காய்ச்சல் என்று சொல்லும் எல்லாமே ஃப்ளூ அல்ல என்பதில் இருக்கிறது. சளி, இருமல், தொண்டைவலி, உடல்வலி எல்லாவற்றையும் கொண்டுவரும் வைரஸ்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மூக்கொழுகச் செய்யும் ரைனோ வைரஸில் மட்டுமே 150க்கு மேற்பட்ட வகைகள் தெரியவந்திருக்கின்றன. இவற்றில் எதையும் ஃப்ளூ ஊசி தடுப்பதில்லை. தடுப்பதாக அதைத் தயாரித்தவர்கள் சொல்லவும் இல்லை.

இவ்வளவும் சரிதான் என்றாலும், சந்தேகப்படுபவர் இதற்கு மசியமாட்டார். மசியவும் வேண்டாம். "பெருக முடியாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் உடம்பு வேறு மாதிரி சொல்கிறதே" என்று அவர் கேட்பது நியாயம். கோட்பாட்டை வைத்து அனுபவத்தை மறுக்க முடியாது. பலருடைய அனுபவத்தைக் கொண்டுதான் ஒருவருடைய அனுபவத்தைச் சரிபார்க்க முடியும்.

மின்னசோட்டாவில் 849 பேர்

1994ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதியில் கிரிஸ்டின் நிக்கல் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 849 பேரைத் திரட்டினார்கள். எல்லோரும் 18 முதல் 64 வயது வரையிலான, ஆரோக்கியமான, வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேருக்கு நிஜமான ஃப்ளூ ஊசி. மறுபாதிக்கு மருந்தைக் கரைக்கப் பயன்படும் வெறும் திரவம். இதை வெற்று ஊசி என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பின்னால் விசாரித்தவருக்கும் தெரியாது.

ஊசிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார்கள். நிஜ ஊசி போட்டவர்களில் 6.2 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் வந்தது. வெற்று ஊசி போட்டவர்களில் 6.1 சதவீதம். காய்ச்சல், அசதி, உடல்வலி, தலைவலி என்று உடம்பு முழுவதையும் பாதிக்கும் தொல்லைகளில் ஏதேனும் ஒன்றாவது இருந்தவர்கள் நிஜ ஊசிப் பிரிவில் 34.1 சதவீதம், வெற்று ஊசிப் பிரிவில் 35.2 சதவீதம். ஒரே ஒரு விஷயத்தில்தான் இரு பிரிவும் தெளிவாகப் பிரிந்தன. கைவலி நிஜ ஊசியில் 63.8 சதவீதம் பேருக்கு, வெற்று ஊசியில் 24.1 சதவீதம் பேருக்கு.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் வழக்கமாகப் பார்ப்பது முதல் எண்ணை மட்டுமே: ஊசி போட்ட நூறு பேரில் ஆறு பேருக்குக் காய்ச்சல். ஓர் அலுவலகத்தில் நூறு பேருக்கு ஊசி போட்டால் அந்த ஆறு பேரும் மறுவாரம் அதைப் பேசுவார்கள். காய்ச்சல் வராத 94 பேர் பேச ஒன்றுமில்லை. ஆறு சாட்சிகள் ஒரே கதையைச் சொன்னால் நம்பாமல் இருப்பது கடினம். ஆனால் மருந்தே இல்லாத திரவத்தை ஏற்றிக்கொண்ட நூறு பேரிலும் அதே ஆறு பேர் இருக்கிறார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் எந்த நூறு பேரை எடுத்து, எந்தச் சில நாட்களைக் கவனித்தாலும் ஆறு பேருக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும், மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு அசௌகரியம் இருக்கத்தான் செய்யும். எந்தத் தலையீடும் இல்லாமலே நடந்திருக்கக்கூடிய இந்த அளவை வழக்க அளவு என்று அழைப்போம். அதைத் தெரிந்துகொள்ளாதவரை முதல் எண் எதையும் சொல்வதில்லை. கைவலியில்கூட, வெற்று ஊசி போட்டவர்களில் கால்வாசிப் பேருக்கு வலித்தது. ஊசி தோலைத் துளைத்தால் வலிக்கும். மருந்தின் கணக்கில் சேர வேண்டியது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே.

தெரியாமல் போன 35

அதே 849 பேரை அந்தக் குளிர்காலம் முழுவதும் தொடர்ந்து கவனித்தார்கள். வெற்று ஊசிப் பிரிவில் நூறு பேருக்கு 140 முறை சளிக் காய்ச்சல் போன்ற சுவாச நோய் வந்தது. அதாவது பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை. நிஜ ஊசிப் பிரிவில் நூறு பேருக்கு 105 முறை. நோயால் வேலைக்குப் போகாத நாட்கள் நூறு பேருக்கு 122இலிருந்து 70 ஆகக் குறைந்தன. மருத்துவரைப் பார்க்கப் போனது 55 முறையிலிருந்து 31 முறையாயிற்று.

நிஜ ஊசி போட்டவர்களின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். நூறு பேருக்கு 105 முறை என்றால், சராசரியாக ஒவ்வொருவரும் அந்தக் குளிர்காலத்தில் ஒரு முறை படுத்திருக்கிறார்கள். "போட்டும் வந்ததே" என்று அவர்களில் பெரும்பாலோர் சொன்னால் அது முழு உண்மை. வராமல் போன 35 தடவைகள் யாருக்கு வராமல் போயின? யாருக்கும் தெரியாது. நடக்காத நோய்க்கு நோயாளி கிடையாது. வந்த நோய் அடுத்த வீட்டுக்காரருக்கும் தெரிகிறது. வராத நோய் அதைத் தவிர்த்தவருக்கே தெரிவதில்லை. டெட்டனஸ் ஊசிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. டெட்டனஸ் அரிது, அதைப் போன்ற வேறு நோய் சுற்றியிருப்பதில்லை, ஊசியின் காப்பும் ஏறத்தாழ முழுமையானது. ஃப்ளூவில் மூன்றும் தலைகீழ்: நோய் பரவலானது, அதைப் போலவே தோன்றும் நோய்கள் ஏராளம், காப்பு அரைகுறை. ஃப்ளூ ஊசிக்கு மட்டும் ஏன் இந்தக் கெட்ட பெயர் என்ற கேள்விக்கு விடை இதுவே.

நிலவேம்புக் குடிநீர் குடித்துக் காய்ச்சல் வராதவர் நிலவேம்புக்கு நன்றி சொல்வதும், ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தவர் ஊசியைத் திட்டுவதும் ஒரே தர்க்கம்தான். இரண்டிலும் ஒப்பிட வேண்டிய இரண்டாவது கூட்டம் கண்ணில் படவில்லை.

பிட்ஸ்பர்க்கில் மூன்று மரணங்கள்

ஒரு காய்ச்சலில் நடந்த இந்தத் தடுமாற்றம் ஒரு தேசத்தின் அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதை 1976ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஆண்டு தொடக்கத்தில் நியூஜெர்சியில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிகளிடம் காணப்படும் வகை ஃப்ளூ பரவியது. பின்னர் கணக்கிட்டதில் ஏறத்தாழ 230 வீரர்களைத் தொற்றியிருந்தது. 13 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஓர் இளம் வீரர் இறந்தார். 1918இல் உலகில் கோடிக்கணக்கானோரைக் கொன்ற ஃப்ளூவின் உறவு வைரஸ் இது என்ற அச்சம் அதிகாரிகளைப் பற்றிக்கொண்டது. மார்ச் 24 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, போலியோ தடுப்பு மருந்துகளைத் தந்த ஜோனஸ் சால்க், ஆல்பர்ட் சாபின் இருவரும் உடனிருக்க, நாட்டு மக்கள் அனைவருக்கும் ஊசி போடும் திட்டத்தை அறிவித்தார். அக்டோபர் 1 அன்று ஊசி போடத் தொடங்கினார்கள்.

பத்தே நாளில் பிட்ஸ்பர்க் நகரில் மூன்று முதியவர்கள், ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட சில மணி நேரத்துக்குள் இறந்தார்கள். செய்தி காட்டுத்தீயாகப் பரவ, பல மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தின. ஃபோர்டு தொலைக்காட்சிக் கேமராவின் முன்னால் சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக்கொண்டு பீதியைத் தணிக்கப் பார்த்தார்.

அந்த ஊசிதான் கொன்றதா? வழக்க அளவைக் கணக்கிடுவோம். எழுபதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேர் இறப்பதாக வைத்துக்கொண்டால், பத்து லட்சம் முதியவர்களில் ஆண்டுக்கு 50,000 பேர். ஒரு நாளைக்கு 137 பேர். ஆகவே பத்து லட்சம் முதியவர்களுக்கு ஊசி போட்டால், ஊசியில் வெறும் தண்ணீரே இருந்தாலும், போட்ட 24 மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருப்பார்கள். அவர்களில் சிலர் ஒரே மையத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பதும் எதிர்பார்க்க வேண்டியதே. உண்மையில் மூன்று என்ற எண் வியப்பளித்தால், அது பெரியது என்பதால் அல்ல, சிறியது என்பதால்தான். இந்தக் கணக்கை முதல் ஊசி போடுவதற்கு முன்பே மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மரணம் நடந்தபின் சொன்னபோது அது சமாளிப்பாகத்தான் காதில் விழுந்தது.

அதே கணக்கு பிடித்துக் கொடுத்தது

இதுவரை படித்தவருக்கு ஓர் ஐயம் எழலாம். எதைக் காட்டினாலும் "எதேச்சை" என்று சொல்லித் தப்பிக்க இது நல்ல வழியாயிற்றே? இந்த ஐயத்துக்கு அதே 1976 பதில் தருகிறது. நவம்பரில் மின்னசோட்டாவிலிருந்து ஒரு தகவல் வந்தது: ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு கியான்-பாரே நோய். உடம்பின் காவல் படை தன் நரம்புகளையே தாக்கி, கால்களிலிருந்து மேலேறும் முடக்கத்தை உண்டாக்கும் அரிய நோய் இது. அடுத்தடுத்து மற்ற மாநிலங்களிலிருந்தும் தகவல்கள் வந்தன. ஊசியோடு தொடர்பில்லாமலே இது ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரக்கூடியது. அதுதான் இங்கே வழக்க அளவு. ஊசி போட்டவர்களிடம் எண்ணிப் பார்த்தபோது, ஒரு சில வாரங்களுக்குள்ளேயே அந்த அளவை மீறிப் பல மடங்கு நோயாளிகள் தென்பட்டார்கள். ஊசிக்குப் பிந்தைய இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அவர்கள் குவிந்தும் இருந்தார்கள். எதேச்சையாக வருவது அப்படிக் குவியாது. லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார் என்பது முடிவு. டிசம்பர் 16 அன்று திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குள் நான்கு கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டாகியிருந்தது. அஞ்சிய கொள்ளைநோய் வரவே இல்லை.

பிட்ஸ்பர்க்கில் ஊசியை விடுவித்த அதே கணக்குதான் கியான்-பாரேயில் அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஒப்பிட்டு எண்ணும் முறை யார் பக்கமும் சாய்வதில்லை. அதன் பிறகு வந்த ஃப்ளூ ஊசிகளில் இந்தக் கூடுதல் ஆபத்து பெரும்பாலான ஆய்வுகளில் பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவிலேயே இருக்கிறது; ஃப்ளூ நோயே கியான்-பாரேயை இதைவிட அதிகமாக உண்டாக்குகிறது. ஆனாலும் 1976இன் அவநம்பிக்கை அமெரிக்காவில் நெடுங்காலம் நீடித்தது. அதில் வியப்பில்லை. வராத கொள்ளைநோய் நிச்சயம் வரும் என்பது போலப் பேசியவர்கள், வந்த பக்கவிளைவைப் பற்றி முன்கூட்டிப் பேசவில்லை.

பாதிதான் காக்கும் என்றால்?

கடினமான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது. வைரஸும் ஊசியும் நன்கு பொருந்திய ஆண்டுகளில்கூட இந்த ஊசி ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. பொருந்தாத ஆண்டுகளில் நிலைமை மோசம். 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் 19 சதவீதம். வைரஸ் தன் புறத்தோற்றத்தை ஓயாமல் மாற்றிக்கொள்வதே காரணம். 1947இலேயே இது தெரிந்துவிட்டது. தாமஸ் ஃபிரான்சிஸும் இளைஞராக இருந்த சால்க்கும் உருவாக்கி, சில ஆண்டுகளுக்கு முன் ராணுவத்தில் நன்றாக வேலை செய்த ஊசி, அந்த ஆண்டு மாறிவந்த வைரஸுக்கு முன் செயலற்றுப் போயிற்று. இப்போது உலக சுகாதார நிறுவனம் வட பாதி உலகுக்கு பிப்ரவரியிலும், தென் பாதிக்கு செப்டம்பரிலும் வரப்போகும் வகைகளை ஊகித்துச் சொல்கிறது. ஊகம் சில ஆண்டுகள் தவறும்.

சதவீதத்தை ஆட்களாக மாற்றினால் இன்னும் சிறுத்துவிடும். காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2018இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, ஊசி போடாத ஆரோக்கியமான பெரியவர்களில் ஒரு பருவத்தில் 2.3 சதவீதம் பேருக்கும், போட்டவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும் ஃப்ளூ வருகிறது என்று கண்டது. 71 பேருக்குப் போட்டால் ஒருவருக்குத் தவிர்க்கலாம். மின்னசோட்டாவில் நூற்றுக்கு 35 தடவை குறைந்ததே என்று கேட்டால், அங்கே எண்ணியது அவரவர் சொன்ன எல்லாச் சளிக் காய்ச்சலையும், அதுவும் ஒரே ஊரில் ஒரே குளிர்காலத்தில். இங்கே எண்ணியது பரிசோதனையில் உறுதியான ஃப்ளூவை மட்டும், பல ஆண்டுகளின் சராசரியாக. சாதாரண ஆண்டில் எதிர்பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணுக்கு அருகில்தான். முதியவர்களைப் பற்றிய பழைய ஆய்வுகள் சில, ஊசி மரணத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று பெருமையடித்தன. 2006இல் சியாட்டிலில் லிசா ஜாக்சன் குழுவினர் அதை உடைத்தார்கள்: ஊசி போட்டவர்கள் ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு முன்பே மற்றவர்களைவிடக் குறைவாக இறந்துகொண்டிருந்தார்கள்! மருத்துவமனை வரை நடந்து போய் ஊசி போட்டுக்கொள்ளத் தெம்பிருப்பவர் எப்படியும் அதிக நாள் வாழ்பவர். அந்தத் தெம்பை ஊசியின் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

ஆக, ஊசியின் நன்மை உண்மையானது, ஆனால் அடக்கமானது. அடக்கமான நன்மை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் ஃப்ளூவை ஒட்டிய சுவாசக் கோளாறால் இறக்கிறார்கள். முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, நாட்பட்ட நோயாளி ஆகியோருக்கே ஆபத்து அதிகம். முப்பது வயது ஆரோக்கியசாலிக்குத் தவிர்க்கப்படுவது நாலு நாள் படுக்கை. எழுபது வயது ஆஸ்துமா நோயாளிக்குத் தவிர்க்கப்படுவது நிமோனியாவாக இருக்கலாம். ஊசி போட்டுக்கொள்பவரும் பயன்பெறுபவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஜப்பான் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டது. 1977இல் கட்டாயமாக்கியது, பெற்றோரின் எதிர்ப்பால் 1987இல் தளர்த்தியது, 1994இல் கைவிட்டது. பிள்ளைகளுக்குப் பயனில்லை என்பதே எதிர்ப்பின் சாரம். 2001இல் வந்த ஓர் ஆய்வு, அந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் ஊசி ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்களைத் தடுத்திருக்கும் என்று மதிப்பிட்டது. பெரும்பாலும் வீட்டிலிருந்த தாத்தா பாட்டிகளின் மரணங்களை. ஜப்பானில் முதியோர் எண்ணிக்கை பெருகியதைப் போதிய அளவு கழிக்கவில்லை என்ற விமர்சனம் இந்த மதிப்பீட்டின்மேல் உண்டு. எண் மிகையாக இருக்கலாம். பரவும் பாதையை மறித்தால் அடுத்தவர் காப்பாற்றப்படுவார் என்ற தர்க்கம் மிகையல்ல.

திருத்தினால் போதுமா?

நைஹனும் ரீஃப்ளரும் தங்கள் ஆய்வில் இன்னொன்றையும் செய்தார்கள். ஊசியால் ஃப்ளூ வராது என்று விளக்கும் தகவலைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தவறான நம்பிக்கை குறைந்தது. ஆனால் பக்கவிளைவைப் பற்றி ஏற்கெனவே அதிகம் பயந்தவர்களிடம், ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணமும் சேர்ந்து குறைந்துவிட்டது! ஒரு காரணத்தைப் பிடுங்கினால் பயம் வேறு காரணத்தைத் தேடிக்கொள்கிறது போலும். என் கருத்தில், ஊசி போடும் அறையிலேயே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுவது எந்தப் பிரசாரத்தையும்விட மேல்: போட்ட பின் நூற்றுக்கு ஆறு பேருக்குக் காய்ச்சல் வரும், போடாவிட்டாலும் அந்த வாரம் அவ்வளவு பேருக்கு வரும், பாதியளவு காப்புதான், சளிக்கு இது மருந்தல்ல. முன்னதாகவே கேட்டவருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் ஏமாற்றமாகத் தோன்றாது.

இந்தியாவின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். இளமையும் ஆரோக்கியமும் உள்ளவர், வீட்டில் நோயாளியோ முதியவரோ இல்லாதவர், வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதில் மூடத்தனம் ஒன்றுமில்லை. 65 வயதைக் கடந்தவர், கர்ப்பிணி, இதயம், நுரையீரல், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர், நோயாளிகளோடு வேலை செய்பவர் ஆகியோருக்குத் தராசு தெளிவாக ஊசியின் பக்கம் சாய்கிறது. டில்லியில் ஃப்ளூ உச்சத்தைத் தொடுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில். காப்பு உருவாக இரண்டு வாரம் வேண்டும் என்பதால், தமிழ்நாட்டில் போட்டுக்கொள்ள நினைப்பவர் மழை தொடங்கும் வரை காத்திருக்காமல் செப்டம்பரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.